பைக் சைக்கிளில் மோதினால்: ஏ.ஆர். காப்பி முதல் விரிவான விபத்து அறிக்கை வரை

தமிழ்நாட்டில் ஒரு பைக்கும் சைக்கிளும் மோதிக்கொண்டால் "சைக்கிள்தானே, பேசி முடிச்சுக்கலாம்" என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்கும். சைக்கிளுக்குப் பதிவு எண் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது. அதனால் காகிதமே வேண்டாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சட்டப்படி நிலைமை நேர்மாறானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் சைக்கிளில் போனவர் மூன்றாம் தரப்பினர். பைக்கின் கட்டாயக் காப்பீடு எடுக்கப்படுவதே அவரைப் போன்றவர்களுக்காகத்தான். ஆனால் அந்தப் பணத்துக்கு வழி திறப்பது ஆவணங்கள் மட்டுமே.

"ஆக்ஸிடென்ட் ரிப்போர்ட்" என்று எல்லோரும் ஒரே பெயரில் சொல்வது ஒரே காகிதம் இல்லை. ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் எழுதும் ஏ.ஆர். பதிவு, காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, 48 மணி நேரத்தில் போகவேண்டிய முதல் விபத்து அறிக்கை, 90 நாளில் முடியவேண்டிய விரிவான விபத்து அறிக்கை என்று அது ஒரு வரிசை. வரிசையின் முதல் இரண்டில் விழும் பிழை கடைசி வரை தொடரும். ஆகவே அதிகக் கவனம் முதல் நாளுக்குத்தான் தேவை.

சம்பவ இடத்தில்

முதலில் 108. காவல் துறைக்கு 112 அல்லது 100. கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்று சொல்பவரை உட்கார வைக்காதீர்கள். பைக்கில் வந்தவர் ஹெல்மெட்டோடு விழுந்து கிடந்தால், மூச்சு சீராக இருக்கும்வரை அதைக் கழற்றவும் வேண்டாம். உதவிக்கு வந்தவர்கள் போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமோ எனப் பயப்படத் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவர்களைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி தருவதும் தராததும் அவர்கள் விருப்பம். விருப்பப்பட்டுத் தந்தால் அங்கேயே ஃபோன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டிகளை ஓரம் கட்டும் முன் படம் எடுங்கள். முதல் படம் பத்து மீட்டராவது தள்ளி நின்று எடுக்கவேண்டும். இரண்டு வண்டிகளும், சாலையின் அகலமும், நகராத ஒரு பொருளும், அதாவது மின்கம்பமோ மைல்கல்லோ கடைப் பலகையோ, ஒரே படத்துக்குள் வரட்டும். மின்கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அது தெரியும்படி இன்னொரு படம். நொறுங்கிய வண்டியைக் கிட்டத்தில் மட்டும் எடுத்த படம், விபத்து எங்கே நடந்தது என்பதைச் சொல்லாது.

பிறகு கிட்டே போங்கள். "சைக்கிள்காரர் திடீர்னு வலது பக்கம் திரும்பிட்டார்" என்பது பைக் தரப்பில் வழக்கமாக வரும் வாதம். அது உண்மையா இல்லையா என்பதைச் சேதமே பெரும்பாலும் சொல்லிவிடும்:

- பின்னாலிருந்து இடித்திருந்தால் சைக்கிளின் பின் ரிம் கோணலாகும், மட்கார்டு உள்ளே போகும், கேரியர் நசுங்கும். பைக்கில் முன் டயர், முன் மட்கார்டு, ஹெட்லைட் பக்கம் அடி இருக்கும்.
- முந்தும்போது உரசியிருந்தால் பைக்கின் இடது ஹேண்டில்பார் முனை, இடது கண்ணாடி, கால்மிதி அல்லது கிராஷ் கார்டில் கீறல் இருக்கும். சைக்கிளில் வலது கைப்பிடியும் வலது பெடலும் அடிபட்டிருக்கும்.
- சைக்கிள் உண்மையிலேயே குறுக்கே திரும்பியிருந்தால் பைக்கின் முன் சக்கரம் சைக்கிளின் வலது பக்க நடுப்பகுதியில் மோதியிருக்கும். பெடல் தண்டு வளைந்து, ஓட்டியவரின் வலது காலில் முழங்காலுக்குக் கீழே காயம் விழுந்திருக்கும்.

ஒரு வண்டியின் பெயின்ட் இன்னொன்றின் மேல் ஒட்டியிருந்தால் அதைத் துடைக்காமல், பக்கத்தில் ஒரு ஸ்கேலோ நாணயமோ வைத்துப் படமெடுங்கள். ரோட்டில் டயர் தேய்ந்த தடம் இல்லை என்பதை வைத்து "பிரேக்கே பிடிக்கவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள், ஏபிஎஸ் உள்ள பைக் நீளமான தடம் விடாமலே நிற்கும். கால்மிதி தாரைச் சுரண்டிய கோடு இதைவிடப் பயன்படும். அந்தக் கோடு தொடங்கும் இடத்தை இரண்டு நிலையான பொருள்களிலிருந்து அளந்து எழுதிவைத்தால் பிறகு வரைபடத்தில் அதை யாரும் நகர்த்த முடியாது.

இரவு நேர விபத்தாக இருந்தால் சைக்கிளின் விளக்கு, பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர், உடைந்து சிதறிய அதன் துண்டுகள் எல்லாவற்றையும் படமெடுங்கள். சாலையைச் சுத்தம் செய்ததும் அந்தத் துண்டுகள் போய்விடும். பிறகு "லைட்டே இல்லாம வந்தாங்க" என்ற வாதத்துக்குப் பதில் சொல்ல எதுவும் மிஞ்சாது.

பைக்கின் எண் பலகை, ஓட்டியவரின் லைசென்ஸ், இன்சூரன்ஸ் தாள் ஆகியவற்றையும் படமெடுங்கள். பைக்கின் காப்பீடு எதுவரை செல்லும் என்பதை எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டே பார்த்துவிடலாம். சைக்கிளுக்கு எண் பலகை இல்லாவிட்டாலும் ஃபிரேம் எண் உண்டு. வண்டியைத் தலைகீழாகத் திருப்பினால் பெடல் அச்சு போகும் குழாயின் அடியிலோ, இல்லையென்றால் சீட் குழாயிலோ அது பொறித்திருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி சைக்கிளாக இருந்தால் மோட்டார் மேல் ஒட்டிய விவரப் பட்டையையும் படமெடுங்கள். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தால்தான் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. அதைத் தாண்டினால் அந்த வண்டிக்கும் பதிவும் காப்பீடும் எங்கே என்ற கேள்வி வரும்.

சைக்கிளை உடனே ரிப்பேருக்குக் கொடுத்துவிடாதீர்கள். விசாரணை அதிகாரி பார்த்துக் குறித்துக்கொள்ளும்வரை அது வளைந்தபடியே இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில்: ஒரே ஒரு வரி

அவசரப் பிரிவில் சேர்த்ததும் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார்கள். இதைத்தான் ஏ.ஆர். என்கிறார்கள். பல வழக்குகள் தோற்பது இந்த ஒரு வரியால்தான். கூட வந்தவர் பதற்றத்தில் "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டார்" என்று சொல்ல, அது அப்படியே "தானாகக் கீழே விழுந்து" என்று பதிவாகிவிடும். நான்கு மாதம் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முதலில் காட்டுவது அந்த வரியைத்தான். பைக் பிறகு சேர்க்கப்பட்டது என்பது அவர் வாதமாக இருக்கும்.

சொல்லவேண்டியது இவ்வளவுதான்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், சைக்கிளில் போகும்போது, எந்த எண்ணுள்ள பைக் மோதியது. எண் தெரியாவிட்டால் "அடையாளம் தெரியாத இருசக்கர வாகனம்" என்றாவது சொல்லவேண்டும். எழுதியதை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள். தவறாக எழுதியிருந்தால் அப்போதே பணியிலிருக்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மறுநாள் போனால் திருத்துவது மிகக் கடினம். அப்படி ஆகிவிட்டால், யார் சொன்ன தகவலில் அந்த வரி எழுதப்பட்டது என்பதைப் புகாரிலேயே விளக்கிவிடவேண்டும்.

ஏ.ஆர். எண்ணையும் நகலையும் கேட்டு வாங்குங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். எந்த நிலையத்துக்குப் போனது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சைச் செலவு பற்றி: தமிழ்நாட்டின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. 2025 மே மாதம் அறிவிக்கையான மத்திய அரசுத் திட்டத்தில் விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள்வரை, 1.5 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் ரொக்கமில்லாச் சிகிச்சை உண்டு. சேரும்போதே கேளுங்கள்.

காவல் நிலையத்தில்

எந்த நிலையம்? மாவட்டங்களில் சம்பவ இடத்தின் எல்லைக்குட்பட்ட நிலையம். சென்னையில் விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு பார்க்கிறது, சட்டம் ஒழுங்கு நிலையத்துக்குப் போனால் அங்கே திருப்பிவிடுவார்கள். வேறு ஊரில் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நிலையில் அங்குள்ள நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின், அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, எல்லை எதுவாக இருந்தாலும் தகவலைப் பெறச் சொல்கிறது. மின்னணு வழியிலும் அனுப்பலாம், ஆனால் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போடவேண்டும்.

புகாரை இப்படி நேராக எழுதுங்கள்:

"____ தேதி மாலை ____ மணிக்கு நான் ____ சாலையில், ____ எண் மின்கம்பம் அருகே, ____ திசை நோக்கிச் சாலையின் இடது ஓரமாக எனது ____ நிற, ____ ஃபிரேம் எண் கொண்ட சைக்கிளில் சென்றுகொண்டிருந்தேன். அப்போது எனக்குப் பின்னால் வந்த ____ எண் இருசக்கர வாகனம் அதிவேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டிவரப்பட்டு என் சைக்கிளின் ____ பகுதியில் மோதியது. இதில் எனக்கு ____ காயங்கள் ஏற்பட்டு ____ மருத்துவமனையில் ____ மணிக்குச் சேர்க்கப்பட்டேன் (ஏ.ஆர். எண் ____). சம்பவத்தை நேரில் பார்த்தவர் ____."

வேகத்தை எண்ணில் எழுதவேண்டாம். "எண்பதில் வந்தார்" என்று எழுதினால் குறுக்கு விசாரணையில் "எப்படி அளந்தீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. நீங்கள் பார்க்காததையும் எழுதாதீர்கள். பின்னாலிருந்து இடித்ததைப் பார்க்கவில்லை என்றால், சத்தம் கேட்டது, தூக்கி எறியப்பட்டேன், விழுந்த பிறகு இந்த எண் பைக்கைப் பார்த்தேன் என்று நடந்தபடியே எழுதினால் போதும்.

அடுத்தது பலர் ஏமாறும் இடம். புகாரை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது தருவார்கள். அது சி.எஸ்.ஆர்., அதாவது மனு பெறப்பட்டதற்கான சான்று. அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. அதை மட்டும் வைத்துக் காப்பீட்டு நிறுவனத்திடமோ தீர்ப்பாயத்திலோ நகர்வது கடினம். வழக்குப் பதிவாகியிருந்தால் குற்ற எண் இருக்கும், அந்த எண்ணைக் கேளுங்கள். "சின்ன காயம்தானே, எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்று சமாதானக் கடிதத்தில் கையெழுத்து கேட்டால் எக்ஸ்ரே, ஸ்கேன் முடிவு வரும்வரை போடாதீர்கள். முழங்கால் ஜவ்வு கிழிந்ததும், தலைக்குள் மெதுவாக இரத்தம் கசிவதும் முதல் நாளில் பெரிதாகத் தெரியாமல் போகலாம்.

பதிவு செய்ய மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அங்கும் பலன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனு கொடுக்கலாம். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், நடுவர் முதலில் கேட்பது அதைத்தான்.

முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசம். வாங்கியதும் அங்கேயே நின்று நான்கு விஷயங்களைப் பாருங்கள். சம்பவ நேரம் ஏ.ஆர். பதிவோடு ஒத்துப்போகிறதா? பைக் எண்ணின் ஒவ்வொரு எழுத்தும் சரியா? உங்கள் பெயரும் தந்தை பெயரும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா? எந்தப் பிரிவுகள் போடப்பட்டிருக்கின்றன? புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அபாயகரமாக ஓட்டியதற்கு 281, காயத்துக்கு 125(ஏ), கொடுங்காயத்துக்கு 125(பி), மரணத்துக்கு 106(1). எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம். பதினைந்து நாள் கடும் உடல் வலியோடு இருந்தாலோ, அத்தனை நாள் அன்றாட வேலைகளைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம்தான். முதல் நாள் 125(ஏ) போட்டு, பிறகு எக்ஸ்ரேயில் முறிவு தெரிந்தால் அந்த அறிக்கையோடு மனு கொடுத்துப் பிரிவை மாற்றச் சொல்லவேண்டும். கொடுங்காயம் என்ற அந்தச் சொல்தான் பின்னால் வரும் பல தொகைகளுக்கு வாசல்.

பதிவான அறிக்கையை அடித்துத் திருத்த முடியாது. எண்ணோ பெயரோ தவறாக இருந்தால் ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகைக் கையெழுத்து வாங்கி, விசாரணை வாக்குமூலத்திலும் சரியான விவரத்தைச் சொல்லுங்கள். அவர் திருத்த அறிக்கை ஒன்றை நீதிமன்றத்துக்கு அனுப்புவார். அதன் நகலும் உங்களிடம் இருக்கவேண்டும்.

அறிக்கைகளைப் பெறும் வழி

2022 ஏப்ரல் 1 முதல் விபத்து விசாரணைக்கென்றே மத்திய மோட்டார் வாகன விதிகளில் காலக்கெடு வகுத்த படிவங்கள் உள்ளன. தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் படிவம் 1, முதல் விபத்து அறிக்கை. பத்து நாளுக்குள் உங்கள் உரிமைகளை விளக்கும் படிவம் 2 உங்கள் கைக்கு வரவேண்டும். 30 நாளுக்குள் ஓட்டுநரும் உரிமையாளரும் படிவம் 3, 4 தரவேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை. 60 நாளுக்குள் நீங்கள் தரவேண்டியது படிவம் 6: அடையாளம், வருமானம், சிகிச்சைச் செலவு, வங்கிக் கணக்கு. 90 நாளில் படிவம் 7, விரிவான விபத்து அறிக்கை. சம்பவ இட வரைபடமும் வாகன ஆய்வு அறிக்கையும் இதோடு சேரும். இது தீர்ப்பாயத்துக்குப் போகும், நகல் உங்களுக்கும் வரவேண்டும். உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பர் 15 அன்று கோஹர் முகமது வழக்கில் இந்த நடைமுறையைக் கண்டிப்பாகப் பின்பற்றச் சொல்லியிருக்கிறது. நிலையத்தில் "அப்படி ஒன்றும் இல்லை" என்றால் படிவ எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இ-டார் என்ற மின்னணு அமைப்பில் அதே விவரங்கள்தான் ஏறுகின்றன.

இணையத்தில் தமிழ்நாடு காவல் துறையின் குடிமக்கள் சேவைப் பக்கத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, குற்ற எண் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கையைப் பார்க்கலாம். சாலை விபத்து வழக்கு ஆவணங்களைப் பதிவிறக்கும் சேவையும் அங்கே உண்டு. ஆவணம் தெரியவில்லை என்றால் அது இன்னும் ஏற்றப்படாமல் இருக்கலாம். அப்போது நேரில் மனு:

"குற்ற எண் ____/____ வழக்கில் நான் பாதிக்கப்பட்டவன். மோட்டார் வாகனச் சட்டம் 160ஆம் பிரிவின்படியும், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படியும் முதல் விபத்து அறிக்கை, சம்பவ இட வரைபடம், பார்வை மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்றிதழ், வாகனத்தின் பதிவு, காப்பீடு மற்றும் ஓட்டுநர் உரிம விவரங்கள் ஆகியவற்றின் நகல்களை வழங்கக் கோருகிறேன்."

பார்வை மகஜர் என்பது சம்பவ இடத்தைப் பார்த்துச் சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் குறிப்பு. மனுவை இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் முத்திரை வாங்குங்கள். வாகனம், உரிமையாளர், காப்பீடு பற்றிய விவரங்களை இழப்பீடு கோருபவருக்குத் தரவேண்டும் என்று 160ஆம் பிரிவு நிலைய அதிகாரிக்குக் கடமை விதிக்கிறது. குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு எல்லா ஆவணங்களுக்கும் நீதிமன்றத்தில் சான்றிட்ட நகல் மனு போடலாம். தாமதமானாலும் இதுதான் உறுதியான வழி. பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனுவும் போடலாம், ஆனால் விசாரணை நடக்கும்போது விலக்குப் பிரிவைக் காட்டி மறுக்க இடமிருக்கிறது. அதனால் அதை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள்.

வரைபடம் கைக்கு வந்ததும் உங்கள் படங்களோடு ஒப்பிடுங்கள். மோதிய இடம் சாலையின் எந்தப் பக்கம் குறிக்கப்பட்டிருக்கிறது, சாலையின் அகலம் சரியா என்று பாருங்கள். அந்தப் புள்ளி ஒரு மீட்டர் வலப்பக்கம் நகர்ந்தாலே சைக்கிள் நடுரோட்டில் போனதாகிவிடும். அதன்பேரில் பங்குக் கவனக்குறைவு, அதாவது விபத்தில் உங்கள் தவறும் உண்டு என்று சொல்லி இழப்பீட்டில் ஒரு பகுதியைக் கழித்துவிடுவார்கள்.

கடைகளின் சிசிடிவி பதிவுகள் சில நாள்களிலேயே புதிய பதிவு மேலேறி அழிந்துவிடும். அன்றே கடைக்காரரிடம் கேளுங்கள், ஆய்வாளருக்கும் எழுத்தில் சொல்லுங்கள். பதிவை நீதிமன்றம் ஏற்க புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். வாட்ஸப்பில் வந்த நகல் மட்டும் போதாது.

பைக்கில் வந்தவர் செய்யவேண்டியது

நின்று, காயமடைந்தவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள நிலையத்தில் தெரிவித்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு கேட்பது இதைத்தான். "நானே செலவு பண்ணிடறேன்" என்று கையில் பணம் கொடுத்துவிட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் விடுவது மோசமான முடிவு. பிறகு வழக்கு வந்தால் கொடுத்த பணத்துக்குக் கணக்கும் இருக்காது. தவறு உங்கள் மேல் இல்லை என்றால் உங்கள் தரப்பையும் அன்றே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உங்கள் காயத்துக்கு உங்கள் பைக்கின் மூன்றாம் தரப்புக் காப்பீடு உதவாது. உரிமையாளர்–ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு இருந்தால் அது மரணம், நிரந்தர ஊனம் போன்றவற்றுக்குத்தான். மற்றபடி உங்கள் மருத்துவக் காப்பீடுதான்.

கோரிக்கையும் கெடுவும்

யார் தவறு என்று நிரூபிக்காமலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவில் மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் கேட்கலாம். முழு இழப்புக்கும் கேட்பது 166ஆம் பிரிவில். அதில் கவனக்குறைவை நிரூபிக்கவேண்டும், மேலே சொன்ன காகிதங்கள் முழுமையாக உழைப்பது அங்கேதான். 166இல் விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்ற வரம்பு எழுதப்பட்டிருக்கிறது. காவல் துறை அனுப்பும் அறிக்கையையே மனுவாக ஏற்கலாம் என்று விதி இருந்தாலும், அது போய்ச்சேர்ந்தது என்று நம்பி உட்காராமல் ஆறு மாதத்துக்குள் சொந்தமாக மனு தாக்கல் செய்வதே பத்திரம். விபத்து நடந்த இடம் மட்டுமின்றி நீங்கள் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் தாக்கல் செய்யலாம்.

இடித்த பைக் நிற்காமல் போய்க் கடைசிவரை கண்டுபிடிக்கப்படவில்லை என்றாலும் முதல் தகவல் அறிக்கை அவசியம். மோதிவிட்டு ஓடிய விபத்துகளுக்கான மத்திய அரசின் 2022ஆம் ஆண்டுத் திட்டத்தில் மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. விண்ணப்பம் கோட்டாட்சியர் போன்ற விசாரணை அலுவலர் வழியாக மாவட்ட ஆட்சியருக்குப் போகும்.

90 நாள் கடந்தும் விரிவான அறிக்கை வரவில்லை என்றால் குற்ற எண்ணையும் முத்திரை பெற்ற உங்கள் மனுவையும் இணைத்துத் தீர்ப்பாயத்துக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் எழுதுங்கள். சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அங்கே வழக்கறிஞர் இலவசமாகக் கிடைப்பார். முதல் சந்திப்புக்கே ஏ.ஆர். நகல், முதல் தகவல் அறிக்கை, படங்கள், பில்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டு போங்கள்.